நன்றாகக் கலைக்கப்பட்ட சீட்டுக்கட்டு

ஃபாக்டரியில் எங்கள் லைனில் நான்கு பேர். ஞாயிற்றுக்கிழமையும் மெஷின் ஓடும், ஆனால் ஒருவர் லீவு எடுத்துக்கொள்ளலாம். யாரென்று சூப்பர்வைசரைக் கேட்டால் நீங்களே பேசி முடிவு பண்ணுங்கள் என்பார். நாங்கள் பேசுவதில்லை, சீட்டு எடுப்போம். சனிக்கிழமை டீ இடைவேளையில் டூல் மேஜைமேல் ஆளுக்கொரு சீட்டு. பெரிய சீட்டு எடுத்தவனுக்கு ஞாயிறு. ஏஸ்தான் எல்லாவற்றிலும் பெரிது.

கட்டைக் கலைப்பது என் ரூம்மேட், நண்பன். வேப்பனப்பள்ளிப் பக்கத்துக்காரன், வீட்டில் தெலுங்கு, என்னோடு தமிழ், சூப்பர்வைசரிடம் கன்னடம். கலைக்கிறவன் முதலில் எடுத்தால் சந்தேகம் வரும் என்று அவனே ஒரு வழக்கம் கொண்டுவந்தான். மற்ற மூவரும் நடுவிலிருந்து உருவிக்கொள்ள வேண்டும், அவனுக்குக் கடைசியில் அடிச்சீட்டு.

அத்திப்பள்ளியிலிருந்து வரும் மூத்த ஆபரேட்டர் அண்ணன் இதை ஒப்பவில்லை. அடிச்சீட்டை யாரும் எடுக்கக்கூடாது, அவ்வளவுதான் என்றார். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியவில்லை. நான் விடுவேனா? செக் ஷீட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். ஐம்பத்திரண்டு சீட்டில் நாலு ஏஸ். மேல் சீட்டு ஏஸாக இருக்க பதிமூன்றில் ஒன்று, நடுச்சீட்டுக்கும் அதே, அடிச்சீட்டுக்கும் அதே. முதலில் எடுத்தாலும் கடைசியில் எடுத்தாலும் நாலு பேருக்கும் ஜெயிக்கிற வாய்ப்பு சமம்.

"கணக்குப் படிச்சா இதெல்லாம் தெரியும்ண்ணா," என்று வேறு சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கழுவப் போய்விட்டார். நண்பன் என் முதுகில் தட்டினான்.

மூன்று வாரம் தொடர்ந்து அவனுக்கு அடியில் ஏஸ் வந்தது. ஊரில் மாங்காய் அறுப்பு என்று சொல்லிப் போனான். மூன்றாவது வாரம் அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். பதிமூன்றை மூன்று தடவை பெருக்கினால் இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றேழு. அத்தனையில் ஒரு வாய்ப்பு. எனக்கும் உறுத்தத்தான் செய்தது. ஆனால் அவன் ஆயிற்றே என்று, அவனுக்காக நானே வாதாடினேன். போன வாரம் வந்தது சீட்டுக்குத் தெரியாது, ஒவ்வொரு வாரமும் புதுசு, அபூர்வமானதும் நடக்கும் என்று. அதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

நாலாவது ஞாயிறு எனக்கு வேண்டும். கிருஷ்ணகிரியில் அரசு வேலைக்கான எழுத்துத் தேர்வு. வயது, தகுதி எல்லாம் பொருந்தி வந்த முதல் தேர்வு. லைனில் யாரிடமும் சொல்ல முடியாது, டிரெயினி ஒருவன் வேறு வேலை தேடுகிறான் என்று தெரிந்தால் அவனை நிரந்தரமாக்க மாட்டார்கள். சொல்லாமல் லீவில் நின்றால் அன்றே கேட் கார்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். விஷயம் தெரிந்தது நண்பனுக்கு மட்டும். ஆறு மாதமாக நான் எழுதிவைத்த நோட்டைப் பிரித்து என்னிடம் கேள்வி கேட்பதே அவன்தான். அந்த வாரம் தான் ஜெயித்தாலும் எனக்கே தந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

சனிக்கிழமை எனக்கு ராஜா வந்தது. மற்ற இருவருக்கும் ஏழும் ஒன்பதும். அவன் கட்டைத் திருப்பி அடிச்சீட்டை மேஜைமேல் போட்டான். கிளாவர் ஏஸ்.

வெளியே அழைத்துப்போய் ஞாபகப்படுத்தினேன். வீட்டில் அப்பாவுக்கு முடியவில்லை என்றான். அதற்குமேல் என்ன கேட்பது? "சீட்டு சீட்டுதான்டா. நீதான சொன்ன," என்றான்.

ஞாயிறு தேர்வு நடந்துகொண்டிருந்த நேரத்தில் நான் மெஷின் முன்னால் நின்றிருந்தேன். டீக்கு விட்டதும் கட்டை எடுத்து அவன் கலைக்கிற மாதிரியே கலைத்துப் பார்த்தேன். இடது உள்ளங்கையில் கொஞ்சம் சீட்டை அமுக்கிப் பிடித்து, மீதியை மட்டும் அதன்மேல் மாற்றி மாற்றிப் போடுவான். பார்க்க வேகமாக, அழகாக இருக்கும். அடியில் ஒரு ஏஸை வைத்து இருபது தடவை அப்படிக் கலைத்தேன். இருபது தடவையும் அது அடியிலேயே இருந்தது.

நிகழ்தகவுக் கணக்கு எல்லாமே 'நன்றாகக் கலைக்கப்பட்ட ஒரு சீட்டுக்கட்டிலிருந்து' என்றுதான் ஆரம்பிக்கும். பள்ளியிலிருந்து அந்த வரியைத் தாண்டித் தாண்டியே விடைக்குப் போயிருக்கிறேன். அண்ணன் அந்த வரியைத்தான் கேட்டிருக்கிறார். நான் அவருக்கு விடையைக் காட்டியிருக்கிறேன்.

சாயங்காலம் ரூமுக்குப் போனபோது அவன் எனக்கு முன்னால் வந்திருந்தான். சட்டைப்பையில் மடித்த வினாத்தாள். மறைக்கக்கூட இல்லை.

"ரெண்டு சீட்டு எடுக்கறோம், திருப்பி வைக்கல. ரெண்டும் ஏஸா இருக்க வாய்ப்பு என்னன்னு கேட்டிருந்தான். இருநூத்தி இருபத்தொண்ணுல ஒண்ணு. சரிதான?"

ஐம்பத்திரண்டில் நாலு, ஐம்பத்தொன்றில் மூன்று. யோசிக்கும் முன்னமே வாய் சரி என்றுவிட்டது.

எப்போது விண்ணப்பித்தாய் என்று கேட்டேன்.

"நீ போட்ட அன்னிக்கேதான். நீ குளிக்கப் போனப்ப, உன் லேப்டாப்லயே. ரெண்டு பேரும் லீவு கேட்டா ஒருத்தனுக்குத்தான கிடைக்கும்? உனக்கு மண்டை இருக்கு மாப்ள, அடுத்த வாட்டி பாஸ் பண்ணிடுவ. எனக்கு உன் நோட்டு ஞாபகத்துல இருக்கும்போதே எழுதினாத்தான் உண்டு."

மூன்று ஞாயிறும் மாங்காய்த் தோப்பில் உட்கார்ந்து படித்ததையும் அவனே சொன்னான். அப்பா நன்றாக இருக்கிறாராம்.

திங்கட்கிழமை அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தேர்வு விஷயம் உட்பட. "என்கிட்ட சொல்லியிருந்தா என் சீட்டை எடுக்காமலே வுட்டுருப்பேனே தம்பி," என்றார். அவரும் இன்னொருவரும் சேர்ந்து எனக்காக விட்டுக்கொடுத்திருந்தாலும் அடியில் ஏஸ்தான் இருந்திருக்கும். அதை அவரிடம் சொல்லவில்லை.