மேரி அக்காவின் நாலாம் விரல்

ஈப்போவில் பெரியவர்களுக்குப் பியானோ சொல்லித்தருவது என் பிழைப்பு. பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்காது. பெரியவர்கள் சொன்னதை அப்படியே கேட்பார்கள். இதில் எது பெரிய தலைவலி என்று இதே தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சுண்டுவிரல் கணக்கு

பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கும் மேரி அக்கா, ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாகப் பியானோ முன் உட்கார்ந்தார். ஆறு மாதத்தில் மகளுக்குக் கல்யாணம். சர்ச்சுக்குள் தான் நடந்து வரும்போது அம்மாதான் வாசிக்க வேண்டும் என்று மகள் ஆசைப்பட்டுவிட்டாள். நாலே நாலு கார்டு, அதாவது ஸ்வரக் கூட்டு. கட்டைகளைச் சேர்த்து அழுத்தாமல் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனால் போதும். வலது கைக்கு ஒன்று, மூன்று, ஐந்து என்று விரல் எண் எழுதிக்கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை அக்கா உள்ளங்கையை மல்லாத்தி, தீர்த்தம் வாங்குவதுபோல் நீட்டி, நகத்தால் கட்டைகளைத் தட்டினார். எனக்குத் தலை சுற்றியது. பியானோவில் கட்டைவிரல்தான் ஒன்று என்று சொல்லவே மறந்திருக்கிறேன். "நம்ம ஆளுங்க சுண்டுவிரல்ல இருந்துதானே டீச்சர் எண்ணுவோம். அது இடது பக்கம் வரணும்னா கையத் திருப்பித்தானே வைக்கணும். கஷ்டமாத்தான் இருந்திச்சி, பியானோன்னா அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன்லா."

கழலாத மோதிரம்

இடது கைக்கு வந்தோம். புத்தகத்தில் ஐந்து, நாலு, இரண்டு, ஒன்று. நாலு வரும் இடத்திலெல்லாம் அக்கா மூன்றாம் விரலை வைத்தார். நான் திருத்துவேன், தலையாட்டுவார், மறுபடியும் மூன்று. நாலாம் விரலில் கல்யாண மோதிரம் விரலை மடங்கவிடாமல் இறுகிக் கிடந்தது. கழற்றிவிட்டு வாசியுங்கள் என்றேன். "இருவத்தேழு வருசமா கழட்டல டீச்சர். இப்ப நீங்க சொன்னீங்கன்னு கழட்டுனா, எங்க வீட்டுக்காரரு உங்களத் தேடிக்கிட்டு வந்துருவாரு."

போன் யோசனை

கல்யாணத்துக்கு இரண்டே வாரம். நாலாம் விரலுக்கு வரும்போதெல்லாம் வாசிப்பு நின்றுவிடுகிறது. எனக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது. "பேசாம போன்ல போட்டு விட்ருங்கக்கா" என்று சொல்லித் தொலைத்தேன். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா முகம் சுருங்கிப்போய்விட்டது. குரல் மட்டும் உயரவில்லை. "போன்ல கேக்குறதுக்கு எம்மக என்கிட்ட ஏன் டீச்சர் வாரா?"

கல்யாணத்தன்று

சர்ச்சில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அக்காவின் இடது கையையே முறைத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. அக்கா தலையை நிமிர்த்தியவர்தான், கட்டைகள் பக்கம் திரும்பவே இல்லை. ஓர் இடத்தில்கூட நிற்காமல் கை போய்க்கொண்டே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, போன் என்று சொன்னதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

சாப்பிடும்போது பக்கத்தில் போய், கடைசியில் மூன்றா நாலா என்று கேட்டேன், பழக்கதோஷம். அக்கா தட்டை மடியில் இறக்கி வைத்தார். "யாருக்குத் தெரியும் டீச்சர்? நான் எம்மக நடந்து வாரதப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அந்த வாரத்திலிருந்து விரல் எண்களைப் பென்சிலில்தான் எழுதுகிறேன், அதுவும் யாராவது கேட்டால் மட்டும்.