கைலியில் சுருண்டு படுத்த கரடிக்குட்டி

நாலைந்து வருடங்களுக்கு முன்பு, மழைக்காலம் முடியப்போகிற நேரத்தில் நடந்தது இது. போர்ட் பிளேரில் டாலிகஞ்ச் பக்கம் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை உண்டு. ஒரு நாள் காலையில் பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் வேலை பார்க்கும் என் கணவர் போன் செய்தார்.

"கடையைப் பூட்டிட்டு உடனே ஜெட்டிக்கு வா. பர்மாக்காரங்க படகு ஒண்ணு வந்திருக்கு. அவங்க பேசுறது இங்க ஒருத்தருக்கும் புரியலை. என் வீட்டுக்காரிக்குத் தெரியும்னு ஆபீசர் சாப்கிட்ட சொல்லிட்டேன்" என்றார்.

எனக்குத் தெரிந்த பர்மியத்தின் லட்சணத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். என் அம்மா ரங்கூனில் பிறந்து, பாவாடை கட்டும் வயதில் அங்கிருந்து கிளம்பி வந்தவர். பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாத விஷயங்களை அவரும் சித்தியும் பர்மியத்தில்தான் பேசிக்கொள்வார்கள். அதை ஒட்டுக்கேட்பதற்காகவே நாங்கள் அந்த மொழியைப் பிடித்துக்கொண்டோம். உப்பு போதுமா, சீக்கிரம் தூங்கு, யார் வீட்டுப் பெண் யாரோடு போய்விட்டாள், இந்த அளவுக்குத்தான் என் புலமை. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று நினைத்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

ஜெட்டியில் வெயிலில் தோல் உரிந்துபோன சில மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மீன் பிடிக்கப் போன இடத்தில் படகின் இன்ஜின் நின்றுபோய், காற்றும் நீரோட்டமும் இழுத்த இழுப்பில் இந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள். நம்மூர் மீன்படகு ஒன்று கண்டுபிடித்துக் கட்டி இழுத்து வந்திருந்தது. ஆனால் கூட்டம் அவர்களைப் பார்க்கவில்லை. அவர்களில் ஒருவரின் மடியில் கறுப்பாக ஏதோ சுருண்டு கிடந்தது.

"குத்தா ஹை கியா?" என்று யாரோ கேட்டார்கள். நானும் நாய்க்குட்டி என்றுதான் நினைத்தேன். அது தலையைத் தூக்கியது. வெளிறிய மூக்கு, குட்டைக் காது, நெஞ்சில் மஞ்சள் பூசியது போல ஒரு பிறை. உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் வளைந்த நகங்கள். கரடிக்குட்டி! எங்கள் தீவுக் காடுகளில் புலியும் கிடையாது, கரடியும் கிடையாது. காட்டுப்பன்றியைப் பார்த்துவிட்டு வந்தாலே ஒரு வாரத்துக்குக் கதை சொல்லுவோம். அன்று ஜெட்டியில் இருந்த பாதிப் பேருக்கு அதுதான் முதல் கரடி.

விலங்கு மருத்துவர் வந்தார். வங்காளப் பெண்மணி. "தீதி, யே கியா காத்தா ஹை, பூச்சோ" என்றார் என்னிடம். என்ன சாப்பிடும் என்ற கேள்வி என் சமையலறைப் பர்மியத்துக்குத் தோதான கேள்வி. கேட்டேன். கஞ்சியில் டின் பால் கலந்து கொடுப்பேன், என் கையைத் தவிர வேறு யார் கையிலும் வாங்காது என்றார் குட்டியை மடியில் வைத்திருந்தவர். படகில் எல்லாம் தீர்ந்துபோய், கடைசியில் மழைத்தண்ணீர்தான் கொடுத்தாராம்.

டாக்டர் பால்புட்டியை நீட்டிப் பார்த்தார். குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த மனிதர் குட்டியைத் தன் கைலிக்குள் இழுத்து, விரலை அதன் வாயில் வைத்து, 'ம்ம்ம்' என்று மெல்ல ராகம் இழுத்தார். நடுவில் "மகளே" என்று பர்மியத்தில் கூப்பிட்டார். அந்தச் சொல் எனக்குத் தெரியும், அம்மா என்னை அப்படித்தான் கூப்பிடுவார். கொஞ்ச நேரத்தில் குட்டியும் அதே போல 'ம்ம்ம்' என்றபடி விரலைச் சப்பத் தொடங்கியது. என் தையல் மெஷின் மோட்டார் மெதுவாக ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். விரலோடு விரலாகப் புட்டியை நுழைத்தார். குடித்துவிட்டது.

கரடிகளிலேயே இதுதான் சின்ன இனம் என்று டாக்டர் சொன்னார். தாயின் மடியில் பால் குடிக்கும்போது குட்டிகள் இப்படித்தான் சத்தம் போடுமாம். பெரும்பாலும் ஒரே ஒரு குட்டிதான். எந்த மரப்பொந்தில் தேன் இருக்கும், எந்த அத்தி எப்போது பழுக்கும், கறையான் புற்றை எப்படிக் கிழிப்பது, எல்லாவற்றையும் தாய் பின்னாலேயே திரிந்து கற்றுக்கொள்ள வேண்டும். "இஸ்கி மா கஹான் ஹை?" என்று கேட்டார். இதன் தாய் எங்கே என்று நான் பர்மியத்தில் திருப்பிக் கேட்டேன்.

அவர் குட்டியின் காதைத் தடவிக்கொடுத்தார். பிறகு, எனக்குப் புரிய வேண்டுமே என்று சின்னச் சின்னச் சொற்களாகச் சொன்னார். கடலுக்கு வருவதற்கு முன்னால் அவர் காட்டில் வேட்டைக்காரராம். தாய்க்கரடி மரத்தைப் பிளந்து, தன் நீள நாக்கைப் பொந்துக்குள் விட்டுத் தேனை நக்கிக்கொண்டிருந்ததாம். தேன் ருசியில் ஆள் வந்ததைக் கவனிக்கவில்லை. கரடியின் பித்தப்பைக்கு மருந்து வியாபாரிகளிடம் நல்ல விலை.

"நான்தான் சுட்டேன். அது விழுந்ததும் மேல இருந்து இது இறங்கி வந்தது. தாயைச் சுத்திச் சுத்தி வந்துட்டு, கடைசியில என் காலைக் கட்டிக்கிச்சு. அதுக்கப்புறம் நான் துப்பாக்கியைத் தொடலை."

எனக்கு வந்ததே ஆத்திரம்! கொன்றதும் இல்லாமல், மகளே என்று வேறு கூப்பிடுகிறானே என்று மனசு கொதித்தது. சொன்னதைச் சொன்னபடி இந்தியில் சொல்லிவிட்டேன். இனி அந்த ஆளைக் குட்டியின் பக்கத்திலேயே விட மாட்டார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். டாக்டர் குட்டியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். அப்புறம் நிமிராமலே, "அபி தோ யஹி இஸ்கி மா ஹை" என்றார். இப்போதைக்கு இதற்கு இவர்தான் அம்மா.

குட்டியின் நெஞ்சில் சளி கட்டியிருந்தது. கடல் தண்ணீரும் உள்ளே போயிருக்கலாம், பிழைப்பது கஷ்டம், ஆனால் பால் இறங்குகிற வரைக்கும் நம்பிக்கை உண்டு என்றார் டாக்டர். மேலதிகாரிகளிடம் பேசி, அந்த மனிதரை விலங்கு ஆஸ்பத்திரிக் கொட்டகையிலேயே குட்டியோடு தங்க வைத்தார். நானும் தினமும் போனேன். ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. குட்டியின் மூச்சோடு சேர்ந்து அவர் வயிறும் ஏறி இறங்குவதைப் பார்த்தால் யாருக்கும் கோபம் நிற்காது.

பிறகு படகுக்காரர்கள் எல்லோரையும் ஊருக்கு வெளியே ஒரு முகாமுக்கு மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. யாரையும் குறை சொல்வதற்கில்லை, வேற்று நாட்டு ஆட்கள் விஷயத்தில் சட்டம் அப்படி. டாக்டர் எவ்வளவோ பேசிப் பார்த்தார். கிளம்பும் நாளில் அந்த மனிதர் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். முதலில் எனக்குப் புரியவில்லை. என் விரலைப் பிடித்துக் குட்டியின் வாயில் வைத்தார். ராகத்தையும் சொல்லிக்கொடுத்தார். உன் மேல் என் வாசனை இல்லை, அதனால் இதை வைத்துக்கொள் என்று தன் கைலியைத் தரப் பார்த்தார். மனிதருக்கு மாற்றுத்துணி ஏது? நான் ஓடிப்போய் என் கணவரின் கைலி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

கடையைப் பாதி நாள் மூடிவிட்டு, அவர் தந்த கைலியை மடியில் போட்டுக்கொண்டு கொட்டகையில் உட்காருவேன். "கரடிக்குத் தாலாட்டுப் பாடப் போறியா?" என்று கணவர் கேலி செய்வார், ஆனால் வண்டியில் கொண்டுவந்து விடுவதும் அவர்தான். குட்டி முதலில் கைலியை முகர்ந்தது. என்னைப் பார்த்தது. மறுபடியும் கைலியை முகர்ந்தது. அப்புறம் மனசில்லாமல் என் விரலைச் சப்பியது. பால் இறங்கியது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை, என் பிள்ளைகள் பாஸான நாளில்கூட இருந்ததில்லை.

சில நாட்கள்தான். காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. அப்புறம் விடவே இல்லை. கடைசி நாள் காலையில் அது விரலையும் தொடவில்லை, புட்டியையும் தொடவில்லை. கைலியின் ஓரத்தை வாயில் வைத்துக்கொண்டு 'ம்ம்ம்' என்று சத்தம் மட்டும் போட்டது. என் மடியில்தான் அந்தச் சத்தம் நின்றது. டாக்டர் எழுந்து வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாய்விட்டு அழுதேன்.

முகாமில் இருக்கும் அந்த மனிதரிடம் யார் சொல்வது? பாஷை தெரிந்தவள் நான் ஒருத்திதானே. செத்துப்போவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே பர்மியச் சொல், அம்மா கோபத்தில் எங்களைத் திட்டுவது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. முகாமில் அவர் என் கணவரின் கைலியைக் கட்டிக்கொண்டு எதிரே வந்தார். நகம் பட்டு நூல் நூலாகப் பிரிந்திருந்த அவருடைய கைலியை, துவைக்காமல், மடித்து நீட்டினேன். வாங்கியவர் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் பாடியதா என்று கேட்டார். பாடியது என்றேன். கைலியை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "அது அம்மாவை யார் கொன்னதுன்னு அதுக்குத் தெரிஞ்சிருந்தா, என் மடியில படுத்திருக்குமா?" என்று கேட்டார்.

நான் திரும்பி வந்தேன். கொஞ்ச காலத்தில் அவர்களை அவர்கள் நாட்டுக்கு அனுப்பிவிட்டதாகக் கணவர் சொன்னார். என் அரைகுறைப் பர்மியம்தான் அன்று என் வாயை அடைத்தது என்று வெகுநாள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று கடையில் மெஷின் மோட்டார் மெல்ல ஓடும்போதெல்லாம் அந்தக் கேள்வி திரும்ப வருகிறது, அதற்குச் சொல்லத் தமிழிலும் என்னிடம் பதில் இல்லை.