முதல் பரிசுத் தட்டு

பள்ளிக்கூட ஆண்டு விழா என்று அழைப்பிதழ் வந்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போகமாட்டேன். பிள்ளைகளை வெயிலில் உட்காரவைத்துவிட்டுப் பெரிய மனிதர்கள் ஒருவருக்கொருவர் மாலை போட்டுக்கொள்வதற்கு விழா என்று பேர். நான் முதன்முதலில் பார்த்த விழாவே அந்த லட்சணத்தில்தான் இருந்தது.

அப்போது எங்கள் ஊர் புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்தது. குன்றாண்டார்கோவிலுக்குப் போகிற வண்டித்தடத்திலிருந்து பிரிந்து நடந்தால் ஊர் வரும். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை உண்டு. நான் ஐந்தாவது. வகுப்பில் முதல் ஆள் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, மற்றதுகள் அப்படி.

மேலே படிக்கவேண்டுமானால் புதுக்கோட்டையில் சித்தி வீட்டில் தங்கிப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேரவேண்டும். அம்மாவுக்கு அதில் கொள்ளை ஆசை. அப்பாவுக்கோ, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட இருக்கிற ஆள் போய்விடுமே என்ற கவலை. முடியாது என்று நேராகச் சொன்னால் பட்டிக்காட்டான் என்பார்களே! அதனால் ஒரு தந்திரம் செய்தார். களத்துமேட்டில் நாலு பேர் மத்தியில், "ஆண்டு விழாவுல எம்மகளுக்கு மொதப் பரிசுன்னு சபையில சொல்லட்டும், டவுனுக்கு அனுப்புறேன். இல்லேன்னா அடுப்படியோட கெடக்கட்டும்" என்று சொல்லிவைத்தார். பெண்பிள்ளைக்கு எங்கே முதல் பரிசு கொடுக்கப்போகிறார்கள் என்ற நினைப்பு அவருக்கு.

எங்கள் தலைமை உபாத்தியாயர் வெளியூர்க்காரர். பாடத்தைவிட ஆடம்பரத்தில் ருசி அதிகம். கல்வி இலாகா அதிகாரி விழாத் தலைவராக அக்கிராசனம் வகிக்க வருகிறார் என்றதும் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. முழுப்பரீட்சை முடிந்த கையோடு நாங்கள் எல்லோரும் கூலியாட்களானோம். சாணி தெளித்தோம், தோரணம் கட்டினோம், வாழைமரம் சுமந்தோம். கோயில் மேளத்தையே வரவழைத்தார். அத்தோடு விட்டாரா? முதல் பரிசான தமிழ் அகராதியை வெறுமனே கொடுத்தால் எடுப்பாக இருக்காதாம். பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பூச்சரம் எல்லாம் பரப்பி, நடுவில் அகராதியை வைத்து, அதன்மேல் ஒரு சரிகைத் துண்டையும் மடித்துப் போட்டார். அறிவு கெட்ட மனிதர்! எங்கள் ஊரில் அப்படி ஒரு தட்டுக்கு என்ன அர்த்தம் என்று யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அதற்குக் கோயில் மரியாதை என்று அர்த்தம். எங்கள் பக்கம் ஊர்ப் பெரியதனக்காரரை அம்பலம் என்போம். மேலத்தெருவுக்கு ஒருவர், கீழத்தெருவுக்கு ஒருவர். திருவிழாவில் முதல் தட்டு ஒரு வருஷம் அவருக்கு, மறு வருஷம் இவருக்கு. இதற்காக மண்டைகள் உடைந்திருக்கின்றன. இருவருக்கும் எழுத்து வாசனை கிடையாது. ஆனால் 'முதல்' என்ற சொல் மட்டும் யார் எங்கே சொன்னாலும் காதில் விழுந்துவிடும்.

விழா அன்று சாயங்காலம் ஊரே திரண்டிருந்தது. அதிகாரி வந்தார், மாலை போட்டார்கள். அவர் சர்க்கார் ஆள் என்பதால் இரண்டு அம்பலங்களும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்கள். பிறகு அதிகாரி கல்வியின் மேன்மையைப் பற்றிப் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். சாய்வெயிலில் வாடிய ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று உட்கார்ந்த இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டது. அந்தப் பேச்சுக்கு அதுதான் சரியான மறுமொழி.

கடைசியில் தலைமை உபாத்தியாயர் தாம்பாளத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, என்னைப் பார்த்தபடி, "முதல்..." என்று ஆரம்பித்தார். தட்டையும் அந்தச் சொல்லையும் சேர்த்துக் கண்ட மேளக்காரர்கள் பழக்கதோஷத்தில் முழங்கிவிட்டார்கள். 'பரிசு' என்ற சொல்லும் என் பெயரும் அந்தச் சத்தத்தில் முழுகிப்போயின. கீழத்தெரு அம்பலம் எழுந்தார். அந்த வருஷம் கோயிலில் முதல் தட்டு மேலத்தெருவுக்குப் போயிருந்தது. ஆகவே இது தனக்குத்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மேடையேறிக் கையை நீட்டினார்.

தலைமை உபாத்தியாயர் மறுக்க வாயைத் திறந்தார். கீழத்தெரு ஆட்கள் நின்ற நிலையைப் பார்த்தார். மூடிக்கொண்டார். தட்டு கைமாறியது. அதிகாரி கைதட்டினார்! யாருக்கு எது எதற்கு என்று தெரியாமல் கைதட்டுவதுதான் அவர் உத்தியோகம் போலிருக்கிறது. மேலத்தெரு அம்பலம் உறுமவே, அதிகாரி கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றி அவருக்குப் போட்டுச் சமாளித்தார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அப்பாவைப் பார்த்தேன். மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

வந்தனோபசாரம், அதாவது முடிவில் எல்லோருக்கும் நன்றி சொல்லும் வேலை, என்னுடையது. ஒப்பிக்கப் பழக்கியிருந்தார்கள். "முதற்கண் அக்கிராசனாதிபதி அவர்களுக்கு" என்று தொடங்கவேண்டும். நான் மேடையேறி, "முதற்கண், ஐந்தாம் வகுப்பில் முதலாவதாகத் தேறி, முதல் பரிசைக் கண்ணால் மட்டும் பார்த்த எனக்கு என் வந்தனம்" என்றேன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதிகாரி திரும்பி, "என்ன சொல்லுது இந்தப் பொண்ணு?" என்று கேட்டார். தலைமை உபாத்தியாயருக்கு வேர்த்துக் கொட்டியது. முதல் பரிசு இந்தப் பெண்ணுக்கு உரியதுதான் என்று சபையறிய ஒப்புக்கொண்டார்.

"அப்ப அவகிட்டக் குடுத்துருங்க" என்றார் அதிகாரி, அம்பலத்தைப் பார்த்து.

அம்பலம் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "படிச்சவுக நீங்களே இப்புடிப் பேசலாமுங்களா? சபையில குடுத்ததத் திருப்பி வாங்குற வழக்கம் எங்க ஊருல கெடையாதுங்க."

ஊரே ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. எங்கள் அப்பாதான் எல்லோரையும்விடப் பலமாக ஆட்டினார். "நாயந்தான், நாயந்தான்" என்று வாய்விட்டு வேறு சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பும்போது வாய் நிறைய வெற்றிலையோடு, "பரிசு கைக்கு வரலையில்ல? நாளையிலேருந்து மாட்டப் பாரு" என்றார். பின்னால் வந்த அம்மா நின்றாள். அவள் அப்பாவை எதிர்த்துப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. விழா பார்த்துத் திரும்பிய கூட்டம் முழுக்க எங்களைச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

"ஏங்க, மொதப் பரிசுன்னு சபையில சொல்லணும்னுதானே கேட்டீங்க? வாத்தியாரு சொல்லிட்டாருல்ல? நாலு பேரு மத்தியில குடுத்த வாக்க மட்டும் திருப்பி வாங்கலாமா? இப்பத்தானே அம்பலத்துக்கு நாயம்னு தலைய ஆட்டுனீங்க?" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

கீழத்தெரு அம்பலம் தட்டோடு பின்னால்தான் வந்துகொண்டிருந்தார். "அந்த ஆத்தா சொல்றது சரிதானப்பா. குடுத்தது குடுத்ததுதான்" என்று தீர்ப்புச் சொன்னார். எனக்குத் தெரிந்து அவர் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை அது. அதுவும் என்மேல் உள்ள அக்கறையால் இல்லை, தட்டு தன் கையில் நிலைக்கவேண்டும் என்பதற்காக.

அப்பா வெற்றிலையைத் துப்பினார். "போய்த் தொலையட்டும்" என்றார்.

கோடை விடுமுறை முடிந்ததும் சித்தி வீட்டுக்குப் போனேன், படித்தேன். என் அகராதி கீழத்தெருவில் சரஸ்வதி பூஜைதோறும் சந்தனப்பொட்டு வாங்கிக்கொண்டு, ஒருவரும் புரட்டாமல் இருந்தது. நான் உத்தியோகத்துக்குப் போன பிறகு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அப்பா, "எம்மகள நாந்தான் புடிவாதமாப் படிக்க வச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் அம்மா எழுந்து வாசலுக்குப் போய்க் காறித் துப்பிவிட்டு வருவாள்.