வாய் உலர்ந்த நாட்கள்

குடியாத்தத்திலிருந்து ஆம்பூருக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே ஷர்மிளாவுக்குக் கண் சொக்கிவிடும். ஷூவின் மேல்பாகம் தைக்கிற வேலை அவளுக்கு. கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டில் இருக்கிறாள். காதுக்குள் யாரோ பேசுகிற நோய்க்குப் பல வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறாள். பழைய மாத்திரைகள் எதுவும் பலிக்காமல், போன வருஷம் வேலூர் ஆஸ்பத்திரியில் புதிதாக ஒன்று கொடுத்தார்கள். குரல் அடங்கியது. ஆனால் வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தது. தூங்கினால் கடைவாய் வழியாக ஒழுகித் தலையணை ஈரமாகிவிடும். அவள் துணியை மட்டும் தனி வாளியில் போடச் சொன்னாள் அண்ணி.

பஸ்ஸில் எப்போதும் பக்கத்தில் உட்காருகிறவள் பாக்யலட்சுமி. மத்தியானம் குழம்பு மாற்றிக்கொள்ளும் அளவுக்குச் சிநேகம். ஒருநாள் ஷர்மிளா கண்விழித்தபோது பாக்யலட்சுமியின் தோள் நனைந்திருந்தது.

"இன்னாடி இது, கொழந்த மாதிரி?" என்று அவள் சிரிக்கத்தான் செய்தாள். மறுநாள் முன்வரிசைக்குப் போய்விட்டாள்.

ஷர்மிளா யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டாள். வாய் உலர்ந்தது. கொஞ்ச நாளில் குரலும் திரும்பி வந்தது. முதலில் நல்லபடியாகத்தான் பேசியது. சாப்பிட்டியா, கை வலிக்குதா என்று கேட்டது. அப்படிக் கேட்க வேறு ஆள் இல்லாததால் அவளும் ஜன்னல் பக்கம் திரும்பி முணுமுணுப்பாகப் பதில் சொன்னாள். பிறகு அது ஏச ஆரம்பித்தது. ஒருநாள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கையில், ஊசிக்கு அடியில் விரலை வை என்றது. அவள் மெஷினை நிறுத்தி, சூப்பர்வைசரிடம் பர்மிஷன் கேட்டுக்கொண்டு, நேராக வேலூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினாள்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "எச்சில் ஊறுறது இந்த மாத்திரையாலதாம்மா. நெறைய பேருக்கு வருது. ஏன் முன்னாடியே சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு சார்."

மாத்திரையைச் சிறிது சிறிதாகப் பழைய அளவுக்கு ஏற்றினார். எச்சில் குறைய வேறொரு மருந்தும் எழுதினார். ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்.

குரல் நின்றது. எச்சில் நிற்கவில்லை, கம்மியானது. பாக்யலட்சுமியிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"அய்யோ, மாத்திரையாலயா? எனக்கு இன்னாடி தெரியும்!" என்று அவள் ஷர்மிளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் முன்வரிசையில் வேறு தோழி அமைந்துவிட்டதால், அவள் பழைய இடத்துக்குத் திரும்பி வரவில்லை.

அந்தக் குரல் அன்பாகப் பேசிய சில நாட்களை ஷர்மிளா நினைக்காமல் இல்லை. வழியில் மாதனூரில் ஆள் ஏறி பஸ் நிறைகிற வரைக்கும் அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. மாத்திரையை மட்டும் அவள் ஒருநாளும் விடுவதில்லை.