பூஜ்யமாகிவிட்ட மாறுபாடு

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் 'சந்தேகம் அக்கா' என்று பெயர். வீட்டைப் பூட்டியபின் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து மறுபடி இழுப்பாள். "பூட்டே பயந்து கழண்டு விழுந்துடும், விடுடி" என்பான் கணவன். இதைப் பெரிய குணம் என்று சொல்ல மாட்டேன். பயம்தான். ஆனால் அவள் வேலைக்கு அது ஒத்துப்போயிற்று.

எதிரே மருத்துவமனையில் புது மருந்தொன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மருந்து வேலை செய்வது உடம்புக்கு உடம்பு எவ்வளவு வேறுபடுகிறது, எந்த இரண்டு அளவீடுகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று புள்ளியியல் மென்பொருளில் கணக்கிட்டு, அந்த அட்டவணையைக் கோப்பாக அனுப்புவது அவள் பொறுப்பு. அதை வைத்துத்தான் அங்கே மருந்தின் உச்ச அளவைத் தீர்மானிப்பார்கள்.

அன்றும் அனுப்புமுன் கோப்பைத் திறந்து பார்க்கப் போனாள். பக்கத்து மேசைக்காரன் விடவில்லை.

"என்னக்கா, மெஷின் மேலயும் சந்தேகமா? மாமா பாவம்!"

எல்லோரும் சிரித்தார்கள். கூச்சத்தில், திறக்காமலேயே அனுப்பிவிட்டாள்.

சாப்பிட்டு டிபன் பாக்ஸைக் கழுவும்போதுதான் நினைவு வந்தது. படிக்க வசதியாகத் திரையில் மூன்று தசம இடம் மட்டும் வைத்திருந்தாள். கோப்பில் போனது முழு எண்ணா, திரையில் தெரிந்ததா?

ஈரக் கையோடு ஓடிப்போய்த் திறந்தாள். சிறுநீரகம் மருந்தை வெளியேற்றும் வேகத்தின் மாறுபாடு மிகச் சிறிய எண், அது பூஜ்யமாகியிருந்தது. எல்லா மனிதரின் சிறுநீரகமும் ஒன்றே என்று அந்தக் கட்டம் சொன்னது. தெரியாது என்பதைவிடப் பயங்கரமானது அந்த உறுதி.

டாக்டருக்கு போன் செய்தாள். "சார், மருந்து ஆரம்பிச்சுட்டீங்களா?"

"டிரிப்ஸ் ஓடிட்டிருக்கு. ஏம்மா?"

"நிறுத்துங்க சார். நான் அனுப்பினது தப்பு."

மறுமுனையில் நாற்காலி விழும் சத்தம் கேட்டது.

சரியான கோப்பை வைத்துப் பார்த்தபோது உச்ச அளவு பாதியாக இறங்கியது. அதற்கு மேலேயே மருந்து நோயாளியின் உடம்பில் ஏறியிருந்தது.

அவள் மருத்துவமனைக்கு ஓடினாள். வார்டுக்கு வெளியே பெஞ்சில் நோயாளியின் மனைவி கைப்பையை மடியில் இறுக்கியபடி இருந்தாள்.

"ஏங்க, எல்லாரும் உள்ள ஓடுறாங்களே. அவருக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஆகாது என்று சொல்ல வாயெடுத்தாள். அடக்கிக்கொண்டாள்.

"தெரியலக்கா. கணக்குல தப்பு பண்ணது நான்தான். டாக்டர் வெளிய வர்ற வரைக்கும் இங்கயே இருக்கேன்."

பெஞ்சில் இடம் இருந்தது. அந்தப் பெண் நகரவில்லை, இவளும் உட்காரவில்லை.