பச்சைத்தண்ணீர் முதலில்

எங்கள் வீட்டில் குளிக்கத் தண்ணீர் விளாவ ஒரு சட்டம் இருந்தது. பக்கெட்டில் சுடுதண்ணீரை முதலில் ஊற்ற வேண்டும், அப்புறம்தான் பச்சைத்தண்ணீர். மாற்றி ஊற்றினால் அது எழவுத் தண்ணீர். பிணத்தைக் குளிப்பாட்டத்தான் அப்படிக் கலப்பார்களாம். சட்டம் போட்டவர் என் நங்கையா, அதாவது வீட்டுக்காரரின் அக்கா. கணவர் போனபின் கோவையில் எங்களோடு வந்து இருந்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம்.

செம்பு அண்டாவில் விறகு வைத்துக் காய்ச்சிய வரை அந்தச் சட்டத்தால் தொந்தரவில்லை. செம்புக்கும், ஊற்றி விளாவும் இரும்பு வாளிக்கும் ஒளிவுமறைவு தெரியாது. உள்ளே இருக்கும் சூடு வெளியே சுட்டுவிடும். தவழ்ந்த வயதில் என் மகள் ஒருதடவை அண்டாவைத் தொட்டு அலறியவள், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஹீட்டர் ராடு வாங்கினோம். இரும்பு வாளியில் ஷாக் அடிக்கும் என்று கூடவே சிவப்புப் பிளாஸ்டிக் பக்கெட்டுகளும் வந்தன. சமையல் மேடைமேல் ஒரு பக்கெட்டில் காயும் தண்ணீரைக் கொண்டுபோய், பின்கட்டுக் குளியலறைத் தரையில் இருக்கும் இன்னொன்றில் ஊற்றுவோம். பிளாஸ்டிக்குக்கு ஊமைக் குசும்பு. உள்ளே கொதித்தாலும் விளிம்பு சில்லென்றிருக்கும். சித்திரை வெயிலில் ஆவியும் கண்ணுக்குத் தெரியாது, சூடும் லேசில் இறங்காது. வெளித்தொட்டியில் பச்சைத்தண்ணீர் மொண்டு வர வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு ஓடுவேன். குழந்தை அப்போது நடக்கத் தொடங்கியிருந்தாள். தண்ணீரைக் கண்டால் விடமாட்டாள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அக்கா மனசு நோகும், உட்டுரு" என்றார். அவருக்கென்ன, குளித்துவிட்டு மில்லுக்குப் போய்விடுவார். நங்கையா சாமி கும்பிடும் நேரம் பார்த்து நான் பச்சைத்தண்ணீரை முதலில் ஊற்ற ஆரம்பித்தேன்.

ஒருநாள் பூஜை சீக்கிரம் முடிந்துவிட்டது.

"ஏன் அம்மணி, என்ன காரியம் செஞ்சுபோட்டே! உசுரோட இருக்கற கொழந்தைக்கு எழவுத் தண்ணியா?"

"கொழந்தை சுடுதண்ணியில உளுந்துபோட்டா என்னங்க பண்றது, நங்கையா?"

"மொதல்ல வாயைக் களுவு!"

பக்கெட்டைக் கவிழ்த்துக் கொட்டினார். குழந்தையை என் இடுப்பிலிருந்து பிடுங்கிக் கீழே விட்டார். சுடுதண்ணீரைத் தானே கொண்டுவந்து ஊற்றினார். அவசரத்தில் அணைக்காமல் விட்ட ராடை அணைத்துவிட்டு வரும்படி என்னை விரட்டிவிட்டு, தண்ணீர் மொள்ளும் போசியோடு தொட்டிக்குத் திரும்பினார். எனக்கு ஆத்திரத்தில் கண் இருண்டது. அணைத்துவிட்டு ஓடிவந்தேன்.

குழந்தை சில்லென்ற விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குதிகால்கள் தரையை விட்டு எழும்பின. பாய்ந்தேன். அதற்குள் நங்கையா திரும்பிப் பார்த்துவிட்டார். போசி விழுந்த சத்தம் கேட்டது. அவர் கை பக்கெட்டுக்குள் முழங்கைவரை போய், குழந்தையின் மார்பை அடியிலிருந்து தாங்கித் தூக்கியது. குழந்தைக்கு விரல்நுனி மட்டும் சிவந்திருந்தது. நங்கையாவின் கையில் தோல் உரிந்து தொங்கியது.

கட்டுப் போட்ட கையோடு மறுநாள் அவரே குளியலறை வாசலில் வந்து நின்றார். "பச்சைத்தண்ணிய மொதல்ல ஊத்து கண்ணு" என்றார். ஊற்றினேன். அதன்மேல் சுடுதண்ணீர் விழும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு சாமி பேரை முணுமுணுத்தார். ஜெயித்தவள் நான்தான், ஆனால் நானும் கூடவே முணுமுணுத்தேன். அவர் பயம் எனக்கும் தொற்றிவிட்டது. அந்த வருடம் குழந்தை ஒரு தும்மல் போட்டால்கூட நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

கை ஆறும்வரை நங்கையாவையும் நானே குளிப்பாட்டினேன். பழக்கதோஷத்தில் அவருக்கும் பச்சைத்தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டேன். நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எனக்கு இப்ப வேண்டாம் அம்மணி. அன்னைக்கு நீயே ஊத்து. சூடு பாத்து ஊத்து."