அமுக்காத பொத்தான்

செஸ் பலகையில் தன் யானையைத் தூக்கி, எதிரே உட்கார்ந்திருந்தவருடைய யானைக்கு நேராக வைத்தாள். கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்த கடிகாரத்தின் பொத்தானை அமுக்கவில்லை. அவள் பக்கத்து எண்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. நாலு நிமிடம் பத்து நொடி.

இனி அவர் வெட்டினாலும் டிரா, ஒதுங்கினாலும் டிரா. ஜெயப்ரியாவுக்கு அந்த அரைப் புள்ளி போதும். ரேட்டிங் பட்டியலில் பெயர் ஏறும். ஏறினால் கேம்ப் ரோடு பக்கத்துப் பள்ளி ஒன்றில் செஸ் சொல்லிக்கொடுக்கும் வேலை. திங்கட்கிழமை வரை பார்ப்பதாகத் தாளாளர் சொல்லியிருந்தார்.

கோவளம் குப்பத்திலிருந்து கூடையோடு வந்து சேலையூரில் மீன் விற்கிறவள். ஆள் வராத நேரங்களில் போனில் ஆடிப் படித்த ஆட்டம். மூன்று வருடமாகக் கம்ப்யூட்டரோடு மட்டும். போனில் காய் நகர்ந்ததும் கடிகாரம் தானாக மாறிவிடும். இங்கே பொத்தானை அமுக்கினால்தான் எதிராளியின் நேரம் ஓடும்; அமுக்காவிட்டால் தன் நேரம்தான் கரையும், தீர்ந்தால் தோல்வி. இந்தக் கல்யாண மண்டபத்துப் போட்டியில் காலையிலிருந்து இரண்டு முறை பொத்தானை மறந்தாள். எதிரே இருந்த பிள்ளைகள், "அக்கா, க்ளாக்கு" என்று சிரித்தார்கள்.

இப்போது எதிரே சாம்பசிவன். தபால் இலாகாவில் ஓய்வுபெற்றவர். கம்ப்யூட்டரோடு ஆடியதே இல்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தார்.

"அதுக்கு மூஞ்சி கிடையாதேம்மா. மூஞ்சியைப் பார்க்காம என்ன ஆட்டம்?"

அவள் அவர் மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கன்னத்தில் கை வைத்திருந்தார். உதடு எதையோ முணுமுணுத்தது. விரல் யானை வரை போய்த் திரும்பியது.

மூன்று நிமிடம்.

நடுவர் தோத்தாத்ரி வந்து நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பொத்தானை அமுக்கவில்லை என்று நடுவர் எடுத்துச் சொல்லக் கூடாது, அதுதான் விதி. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். டிரா எழுத வந்திருக்கிறார் என்று நினைத்தாள்.

சாம்பசிவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். மேசைக்கடியில் அவர் முழங்கால் ஆடியது. காய்கள் லேசாக நடுங்கின. அவளுக்குப் பாவமாக இருந்தது.

"மெதுவா யோசிங்க சார். டைம் கீது."

"ஆமாம்மா" என்றார்.

நாற்பது நொடி. பத்து. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"டைம்" என்றார்.

அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் பக்கத்தில் எல்லாம் பூஜ்யம்.

"இன்னா சார், தெரிஞ்சிகினேவா உக்காந்துகினு இருந்தீங்க?"

"சொல்லணும்னு ரூல் இல்லம்மா."

தோத்தாத்ரியைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பேனாவை நீட்டினார். தோற்றதாக எழுதியிருந்த தாளில் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை. கோவளத்தில் சங்கரா மீன் குறைவாகத்தான் வந்திருந்தது. எட்டரைக்குக் கேம்ப் ரோட்டில் கூடையை இறக்கினாள். பத்து மணிக்குப் பள்ளிக்குப் போன் செய்தாள். வேறு ஆளை எடுத்துக்கொள்வதாகத் தாளாளர் சொன்னார். சரி சார் என்றாள். பதினோரு மணிக்கு மேல் ஆள் வரவில்லை. போனில் ஒரு ஆட்டம் தொடங்கினாள். அது முடிவதற்குள் ஒருவர் வண்டியை நிறுத்தி அரை கிலோ கேட்டார். போனை மடியில் கவிழ்த்துவிட்டு மீனை ஆய்ந்து கொடுத்தாள்.